வெள்ளைக் குச்சிக்குள் ஒரு வடை!

சென்னையிலிருந்து ஈ.சி.ஆர். வழியா பாண்டிக்கு பஸ்ல போயிருக்கீங்களா பாஸ்? (வீக் எண்ட்ல எதுக்குப் போனீங்கன்னு கேட்க மாட்டேன்!) முத்தியால்பேட்டைக்குள் நுழையறதுக்குச் சற்று முன்னாடி வருகிற ஊர் கோட்டக்குப்பம். விழுப்புரம் மாவட்டத்தின் கடைசி ஊர்களில் ஒன்று. மெயின் ரோட்டை விட்டுக் கிழக்கே நடந்தால் கடல். அரிப்பைத் தடுக்கக் கொட்டி வைத்த கருங்கல், மிச்சமிருக்கிற கொஞ்சூண்டு மணல், அதில் இழுத்துப் போட்ட ஃபைபர் போட்டுகள். சில போட்டுகளில் பின்பக்கமா ஒரு வெள்ளைக் குச்சி நிற்கும். ஆள் உயரம் இருக்கும், சிலது அதைவிட நீளம்.

போட்டுக்காரரிடம் இன்ஜின் எத்தனை ஹெச்.பி.ன்னு கேளுங்க, வாய் நிறையச் சொல்வார். வலை என்ன கண்ணுன்னு கேளுங்க, அரை மணி நேரம் ஓடும். அந்தக் குச்சிக்குள்ள என்ன இருக்குன்னு கேட்டா, "அதுவா... வயர்லெஸ் ஏரியல் தம்பி" என்பதோடு முடிஞ்சுடும். இந்த வாரம் அந்தக் குச்சியைப் பத்தித்தான் பேசப் போறோம். ஈ.சி.இ. மக்கள் 'ஆன்டெனா அண்ட் வேவ் ப்ரொபகேஷன்' பேப்பர்ல அரியர் வெச்சிருந்தா கூடுதல் கவனத்தோட படிக்கவும்!

இந்தக் கரையில் தகவலும் உயிரும் ஒண்ணா முடிச்சுப் போட்ட கதை ஒண்ணு உண்டு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரிப் பக்கத்து கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. தலைமை மையம் வில்லியனூரில். அன்னிக்கு கிராமத்துல போன் லைன் கிடைக்கிறதே குதிரைக் கொம்பு. அதனால் ஊர்களை இணைக்க வி.ஹெச்.எஃப். ரேடியோவும் பயன்பட்டது. வீராம்பட்டினத்தில் அலை எவ்வளவு உயரம் வரும்னு ஒலிபெருக்கியில் சொல்வார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் நல்லவாடு ஊருக்கு சிங்கப்பூரில் இருந்து ஒரு போன் வந்தது. சுனாமியை டி.வி.யில் பார்த்த ஊர்க்காரர் ஒருத்தர் அலறி அடிச்சுக் கூப்பிட்டார். மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஜனம் ஓடித் தப்பியது.

சரி, கரையில் இருப்பவருக்கு ஒலிபெருக்கி. கடலில் இருப்பவருக்கு? செல்போன் சிக்னல் கொஞ்ச தூரத்திலேயே கையை விரிச்சுடும். மிச்சம் அந்த வெள்ளைக் குச்சிதான்.

கண்ணுக்கு எட்டிய தூரம்

கடல் வயர்லெஸ் செட் பேசறது 156 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில். ஆபத்து அழைப்புக்கு உலகம் முழுக்க சேனல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ். போட்டில் பொருத்துகிற செட்டின் அதிகபட்ச பவர் 25 வாட். இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். பூமி உருண்டை, அதனால் தொடுவானம் தாண்டினா அம்பேல்.

ஒரு ஈஸி ஃபார்முலா: ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்குங்க. அதுதான் கிலோமீட்டரில் ரேடியோ தொடுவானம். போட்டில் 2 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா இருந்தா 5.8 கி.மீ. கரையில் 15 மீட்டர் கம்பத்துக்கு 16 கி.மீ. ரெண்டையும் கூட்டினா சுமார் 22 கி.மீ. போட்டுக்கும் போட்டுக்கும் நடுவே 12 கி.மீ.கூட இல்லை. ஆன்டெனாவுக்கு எவ்வளவு செலவழிச்சாலும் இந்தக் கணக்கைப் பெரிசா மீற முடியாது. ஆனா ஆன்டெனா சொதப்பினா 22 கி.மீ. சத்தமில்லாம அஞ்சோ ஆறோ ஆகிடும். அந்த 'சத்தமில்லாம'தான் இந்தக் கட்டுரையோட வில்லன்.

வடையும் தேரும்

அரை அலை நீளத்துக்கு ஒரு கம்பியை செங்குத்தா நிறுத்தினா, அதிலிருந்து அலை கிளம்பற வடிவம் அச்சு அசல் மெதுவடை. கம்பி நிற்கிற இடம் வடையின் ஓட்டை. தலைக்கு மேலேயும் காலுக்குக் கீழேயும் ஒண்ணும் போகாது, சுற்றிலும் பரவும். வானத்துக்குப் போற சக்தி மீனவருக்கு வேஸ்ட்தானே? வடையை ரெண்டு பக்கமும் அமுக்கினா அகலமா, தட்டையா ஆகுமில்லையா? அதுதான் 'கெயின்'. மாவு கூடலை, வடிவம்தான் மாறுச்சு.

எப்படி அமுக்கறது? ஒரு கம்பிக்கு மேல இன்னொண்ணு, அதுக்கு மேல இன்னொண்ணுன்னு ஒரே நேர்கோட்டில் அடுக்கணும். எல்லாமே ஒரே நேரத்தில் ஒரே பக்கம் இழுக்கணும். வில்லியனூர் தேர் வடம் மாதிரி. முன்னாடி இருக்கிறவன் இழுக்கும்போது பின்னாடி இருக்கிறவன் எதிர்ப்பக்கம் இழுத்தா தேர் நகருமா?

இங்கேதான் சிக்கல். கம்பியில் மின்சாரம் ஒவ்வொரு அரை அலைக்கும் திசை மாறும். நீளமான ஒரே கம்பியை நிறுத்தினா பாதி முன்னே, பாதி பின்னே. ஒண்ணை ஒண்ணு அடிச்சிக்கும். இதுக்கு ஒரு குறும்பான வழி இருக்கு. அமெரிக்க இன்ஜினீயர் ஹெரால்ட் வீலர் 1956-ல் எழுதிய ஒரு கட்டுரை அதைத்தான் சொன்னது: கோஆக்ஸ் கேபிளை அரை அலைத் துண்டுகளா வெட்டு. சேர்க்கும்போது ஒவ்வொரு இணைப்பிலும் மாத்திப் போடு. இந்தத் துண்டின் நடுக்கம்பி, அடுத்த துண்டின் வெளிவலைக்கு. இதன் வெளிவலை, அடுத்ததன் நடுக்கம்பிக்கு.

கேபிள் டிவிக்காரர் பார்த்தா "ஷார்ட் பண்ணிட்டியே தம்பி"ன்னு பதறுவார். ஆனா யோசிங்க. ஒரு துண்டுக்குள்ள அலை ஓடி முடிக்கும்போது பிளஸ், மைனஸ் ஆகியிருக்கும். அந்த இடத்துல உள்ளே-வெளியே மாத்திட்டா, மைனஸ் மறுபடி பிளஸ். ஆக எல்லாத் துண்டோட வெளிவலையும் ஒரே திசையில் இழுக்கும். தேர் நகர்ந்தாச்சு! உச்சியில் கால் அலை நீளத்துக்கு ஒரு கம்பி, அடியில் அலை ஃபீடர் கேபிள் வழியா கீழே இறங்காமல் தடுக்க ஒரு குழாயோ கால் அலைக் கம்பிகளோ. அவ்வளவுதான் கோஆக்ஸியல் கொலினியர் ஆன்டெனா. அலாஸ்காவில் போக்கர் ஃப்ளாட் என்ற இடத்தில் வளிமண்டலத்தை ஆராய 1970-களின் கடைசியில் கட்டிய ராட்சத ரேடாரில்கூட இதே மாதிரி கேபிள் சரங்களைத்தான் தரை முழுக்க விரித்திருந்தார்கள். (நம்ம திருப்பதி பக்கத்து கடங்கி ரேடார் வேற ரகம். அங்கே 1,024 யாகி ஆன்டெனா!)

வெட்டறதுக்கு ஒரு கணக்கு வேணும். 156.8 மெகாஹெர்ட்ஸில் அரை அலை காற்றில் 95.6 செ.மீ. ஆனா கேபிளுக்குள்ள அலை மெதுவாப் போகும். ஆர்.ஜி.213, ஆர்.ஜி.58 மாதிரி உள்ளே கெட்டி பாலிதீன் வெச்ச கேபிளில் ஒளியின் வேகத்தில் 66 சதவீதம்தான். அதனால் துண்டு 63 செ.மீ. நுரை பாலிதீன் கேபிளா இருந்தா இந்த சதவீதம் 80-க்கு மேலே போயிடும், துண்டும் நீளமாகும். கடையில் வாங்கற லோக்கல் கேபிளில் அச்சடிச்ச நம்பரை நம்பி வெட்டினா, ஒவ்வொரு துண்டிலும் ஒரு செ.மீ. தப்பு, அது மேலே போகப் போகச் சேர்ந்துக்கிட்டே போகும். வடை தட்டையாகறதுக்குப் பதிலா ஒரு பக்கம் கவிழ்ந்த குடை மாதிரி ஆகி, சக்தி வானத்துக்கோ தண்ணிக்கோ போயிடும். நேனோ வி.என்.ஏ.ன்னு உள்ளங்கை சைஸ் மீட்டர் இப்போ சில ஆயிரத்துக்கே கிடைக்குது. கேபிளில் ஒரு துண்டு வெட்டி, நுனியைத் திறந்தே விட்டு, எந்த அலைவரிசையில் அது ஷார்ட் மாதிரி தெரியுதுன்னு பாருங்க. அங்கேதான் அந்தத் துண்டு கால் அலை. உண்மையான வேகம் அதிலேயே வந்துடும்.

ஹேக்ஸா பிளேடு ஆபரேஷன்

தியரி போதும். செத்துப் போன ஒரு கடல் ஆன்டெனா கிடைச்சா என்ன செய்வீங்க? நாங்க அறுத்தோம்!

செமஸ்டர் லீவில் கோட்டக்குப்பத்து நண்பனோட சித்தப்பா கொடுத்தது அது. 2.4 மீட்டர் நீளம். பல வருஷம் கடலுக்குப் போனது. "எப்போ கெட்டுச்சு சித்தப்பா?"ன்னு கேட்டதுக்கு அவர் சொன்ன பதில்தான் எனக்கு எந்த டெக்ஸ்ட் புக்கும் சொல்லாத விஷயம்: "கெட்டுச்சுன்னே தெரியலைப்பா. கிட்ட இருக்கற போட்டெல்லாம் நல்லாத்தான் கேட்டுச்சு. தூரத்துல இருக்கறவன் கேக்கலை. கடல்னா அப்படித்தானேன்னு விட்டுட்டேன். வேற ஏரியல் மாட்டினப்புறம்தான், அடேயப்பா, இவ்ளோ பேரு பேசறானுங்களான்னு இருந்துச்சு."

அறுத்துப் பார்த்தா, கணக்கு சொன்ன மாதிரியே கேபிள் துண்டு மூணு, உச்சியில் கால் அலைக் கம்பி. உச்சியில் இருந்த பிளாஸ்டிக் மூடி வெயிலில் விரிஞ்சிருந்தது. ஃபைபர் குழாயோட தோல் உரிஞ்சு, தொட்டா கையில் முள்ளு முள்ளா ஏறுது. (மூணு நாள் அரிப்பு!) மேல் துண்டோட வெளிவலை செம்பு நிறமே இல்லை. கறுப்பும் பச்சையுமா, தேய்ச்சா பொடியா உதிருது. வலைப்பின்னல் கேபிள் விளக்குத் திரி மாதிரி. ஒரு சொட்டு தண்ணி உள்ளே போனா போதும், பின்னலே அதை உறிஞ்சி அடுத்த துண்டு வரைக்கும் கொண்டு போயிடும். கடல் தண்ணின்னா கேட்கவே வேணாம்.

ரெண்டாவது இணைப்பு இன்னும் சுவாரஸ்யம். பார்க்க நல்லா இருந்தது, ஈயம் பளபளன்னு. லேசா ஆட்டினா நடுக்கம்பி தனியா வருது! உடைஞ்சது ஈயத்தில் இல்லை, ஈயம் முடிஞ்சு கம்பி தொடங்கற அந்த ஓரத்தில். ஈயம் ஊறின இடம் விறைப்பு, அடுத்த மில்லிமீட்டர் நெகிழ்வு. காத்துல குச்சி ஆட ஆட, அலையில் போட்டு குதிக்கக் குதிக்க, வளைவு முழுக்க அந்த ஒரே புள்ளியில். சைக்கிள் கம்பியை முன்னும் பின்னும் வளைச்சு உடைப்போமே, அதே டெக்னிக். உள்ளே நுரை அடைச்சு கேபிளை ஆடாம பிடிச்சு வெச்சிருந்தா இது இன்னும் பல வருஷம் தாங்கியிருக்கும்.

அந்த இணைப்புக்கு மேலே இருந்தது எல்லாம் டம்மி பீஸ். தேர் வடத்தில் முன்வரிசை மட்டும் இழுத்திருக்கு.

செய்யும்போதே கெடுகிற வகையும் உண்டு. பாலிதீன் 110 டிகிரி பக்கத்திலேயே இளகிடும். ஈயம் உருக 183 டிகிரியாவது வேணும். பற்ற வைக்கிறவர் நிதானமா ரசிச்சு ரசிச்சு வெச்சா, உள்ளே நடுக்கம்பி வெண்ணெயில் கத்தி மாதிரி நகர்ந்து வெளிவலையைத் தொட்டுடும். நல்ல சூடான இரும்பு, ரெண்டு மூணு செகண்டு, எடு. அதான் ஃபார்முலா.

மீட்டர் சொல்லும் பொய்

"எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் வெச்சுப் பார்த்தா தெரிஞ்சிடுமே?"ன்னு கேட்கிற முதல் பெஞ்ச் மக்களுக்கு ஒரு அதிர்ச்சி.

கரைக் கம்பத்தில் ஆன்டெனா இருக்கு, செட்டுக்கும் அதுக்கும் நடுவே 30 மீட்டர் ஆர்.ஜி.58 கேபிள்னு வெச்சுக்குங்க. இந்த அலைவரிசையில் அந்த நீளம் சுமார் 6 டெசிபெல் சாப்பிடும். 25 வாட் அனுப்பினா மேலே போய்ச் சேர்றது 6 வாட் சில்லறை. இப்போ ஆன்டெனாவைக் கழட்டி வீசிட்டு கேபிள் நுனியைச் சும்மா விடுங்க. 6 வாட்டும் அப்படியே திரும்பி வரும், வர்ற வழியில் மறுபடி 6 டெசிபெல் காலி. மீட்டருக்கு வந்து சேர்றது ஒன்றரை வாட் சொச்சம். அது காட்டற எஸ்.டபிள்யூ.ஆர். 1.7! "ரெண்டுக்குள்ள இருக்கு, சூப்பர்"னு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவாங்க. ஆன்டெனாவே இல்லாத கம்பத்துக்கு!

தண்ணி குடிச்ச கேபிள் இன்னும் மோசம். எவ்வளவு கெட்டுதோ அவ்வளவு 'நல்ல' ரீடிங். அதனால் மீட்டரை ஆன்டெனா காலடியிலேயே வெச்சு அளக்கணும். அது முடியலைன்னா சித்தப்பா ஸ்டைல்தான் பெஸ்ட். தெரிஞ்ச தூரத்தில் தெரிஞ்ச போட்டு, பேச்சுக்கான சேனல் (16 கூடாது, அது ஆபத்துக்கு), பவரை 1 வாட்டுக்கு இறக்கிட்டு "கேக்குதா?"ன்னு கேட்கறது. மாசம் ஒரு தடவை அதே இடம், அதே தூரம். போன மாசம் கேட்டது இந்த மாசம் கேட்கலைன்னா குச்சி நோயாளி ஆயிடுச்சுன்னு அர்த்தம்.

பெரிசுன்னா நல்லதா?

கடையில் 3, 6, 9 டெசிபெல்னு மூணு சைஸ் சொல்வாங்க. 9 வாங்கினா கெத்துன்னு தோணும். சின்ன ஃபைபர் போட்டுக்கு அது வம்பு. ரொம்பத் தட்டையான வடை, போட்டு ஒரு பக்கம் சாயும்போது தானும் சாயும். ஒரு விளிம்பு தண்ணிக்குள்ள, இன்னொண்ணு வானத்துக்கு. மோசமான அலையில், அதாவது உதவி அதிகமா தேவைப்படற நேரத்தில், பேச்சு விட்டு விட்டு வரும். ஆடற போட்டுக்கு கொஞ்சம் உப்பலான 3 டெசிபெல் வடையே உத்தமம். அந்த 9 எல்லாம் கரையில், ஆடாத கம்பத்துக்கு.

ஆடாத கம்பம்னு சொன்னேன்... தானே புயலை இந்தப் பக்கத்து ஜனம் மறக்காது. 2011 டிசம்பர் 30 காலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறி, மரம், மின்கம்பம்னு எதையும் விட்டு வைக்கலை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் இதே கரையில் ஏறி, மழையால் ஊர்களை மூழ்கடிச்சுது. காத்து குச்சியை உடைச்சா கண்ணுக்குத் தெரியும், மாத்திடுவோம். மழை உள்ளே இறங்கினா தெரியாது, அடுத்த புயல் வரைக்கும் அது நல்ல பிள்ளை மாதிரி நிற்கும்.

குச்சி எவ்வளவு ஆரோக்கியமா இருந்தாலும் தொடுவானம் தொடுவானம்தான். 2017 ஒக்கி புயலில் கன்னியாகுமரி மீனவர்கள் பலர் இருந்தது ஆழ்கடலில், எந்தக் கரை வி.ஹெச்.எஃப்.பும் எட்டாத தூரத்தில். அதுக்குப் பதில் சாட்டிலைட்தான். ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தை 2024 ஆகஸ்டில் மகாராஷ்டிராவின் பால்கரில் பிரதமர் தொடங்கி வைத்தார். அது வந்துடுச்சேன்னு குச்சியைக் கழட்டிடக் கூடாது. பக்கத்துப் போட்டை உடனே கூப்பிட இன்னமும் அதைவிட வேகமான வழி இல்லை.

மொட்டை மாடி ப்ராஜெக்ட்

கை துறுதுறுன்னு இருக்கா? லைசென்ஸ் இல்லாம மைக்கைத் தொடாதீங்க, உள்ளே வெச்சுடுவாங்க. (ஹாம் ரேடியோ தேர்வு எழுத 12 வயசு ஆனாலே போதும், அதை எழுதுங்க.) வெறுமனே கேட்கிற ஆன்டெனா ஒண்ணு செஞ்சு பழகலாம். விமானங்கள் தங்கள் இடத்தையும் உயரத்தையும் 1,090 மெகாஹெர்ட்ஸில் அனுப்பிக்கிட்டே இருக்கும். 10 கி.மீ. உயரத்தில் பறக்கிற விமானத்துக்கு அதே ஃபார்முலா போட்டுப் பாருங்க, 412 கி.மீ.! கோட்டக்குப்பம் மொட்டை மாடியில் சென்னை போறது, கொழும்பு போறது எல்லாம் மாட்டும்.

அரை அலை இங்கே 13.75 செ.மீ. 85 சதவீத வேகம் உள்ள ஆர்.ஜி.6 கேபிளில் 11.7 செ.மீ. எட்டுத் துண்டு போட்டா ஒரு மீட்டர்கூட வராது. ஆனா கேபிள் டிவி ஆர்.ஜி.6-ல் வெளிவலை அலுமினியம், ஈயம் ஒட்டாது. அதனால் நிறைய பேர் ஒரு துண்டோட நடுக்கம்பியை அடுத்ததன் தோலுக்கும் வலைக்கும் நடுவே சொருகி விட்டுடறாங்க. மதுரையில், கோவையில் ரொம்ப நாள் ஓடும். கடல் காத்து அடிக்கிற ஊரில் செம்பும் அலுமினியமும் உப்பும் சேர்ந்தா அது பேட்டரி, ஒரு மழைக்காலம் தாண்டறது கஷ்டம். செம்பு வலை வெச்ச கேபிள் வாங்கி, பற்ற வைங்க.

உறைக்கு வீட்டு வயரிங் பி.வி.சி. பைப் போதும். உச்சியை அடைக்கும்போது வினிகர் வாசனை அடிக்கிற சிலிகான் வேண்டாம், அந்த அமிலமே செம்பைத் தின்னுடும். அடியை மட்டும் அடைக்காதீங்க. பகல் வெயிலில் உள்ளே காத்து விரியும், ராத்திரி சுருங்கி ஈரக்காத்தை எங்கேயாவது உறிஞ்சும். முழுக்க அடைச்ச குழாயில் போன தண்ணிக்கு வெளியே வர வழியே கிடையாது. கீழே மூணு மி.மீ. ஓட்டை ஒண்ணு. அதில் எறும்பு கூடு கட்டும், அதனால் கொசுவலைத் துண்டு ஒண்ணை மடிச்சுக் கட்டிடுங்க.